போக ஆறு நாற்பது, வர ஒன்றே முக்கால்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

என் தாயார் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆயினும் கூட்டல் கழித்தலில் எங்கள் வீட்டில் அவரை வெல்ல ஆளில்லை. மளிகைக் கடைக்காரர் துண்டுத் தாளில் போட்டுத் தரும் கணக்கை நடந்துகொண்டே மனத்தில் சரிபார்ப்பார். ஒரு ரூபாய் கூடியிருந்தாலும் பாதி வழியிலிருந்து திரும்பிப் போவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் அப்பாவின் விமானச் சீட்டை என்னிடம் நீட்டி, நேரங்களை மட்டும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சற்று நேரம் விரல்விட்டு எண்ணினார். பிறகு கேட்டார்:

"ஏன்டா தம்பி, அங்க ராத்திரி ஒம்பதரைக்கு ஏறி இங்க பதினொண்ணே காலுக்கு எறங்குறாரு. ஒண்ணே முக்கா மணி நேரம். திரும்பிப் போறப்ப இங்க பதினொண்ணு நாப்பதுக்கு ஏறி அங்க காலையில ஆறு இருவதுக்கு எறங்குறாரு. ஆறு மணி நாப்பது நிமிசம். மாடுகூட வீட்டுக்குத் திரும்புறப்ப வெரசாத்தான் நடக்கும். அதுக்காக இம்புட்டு வெரசாவா?"

என் தந்தையார் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறார். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒரு மாத விடுப்பில் வருவார். எங்கள் ஊர் அறந்தாங்கிக்கு அப்பால் இருக்கிறது. எனவே எங்களுக்கு விமான நிலையம் என்றால் திருச்சிதான். விமானம் என்றால் அது சிங்கப்பூர் விமானந்தான். கணிதம் படிக்கிற பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் தாயாரிடம், "அது அப்படித்தாம்மா" என்று சொல்லி நழுவ எனக்கு மனம் வரவில்லை. தாளையும் பேனாவையும் எடுத்து உட்கார்ந்தேன்.

நண்பர்களே, பள்ளியில் நாம் எல்லோரும் போட்ட படகுக் கணக்கு நினைவிருக்கிறதா? நீரோட்டத்தின் திசையில் ஒரு நேரம், எதிர்த் திசையில் ஒரு நேரம். படகின் வேகம் என்ன, ஆற்றின் வேகம் என்ன? கூட்டிப் பாதியாக்கினால் ஒன்று கிடைக்கும், கழித்துப் பாதியாக்கினால் மற்றொன்று கிடைக்கும். அதே வித்தையை இங்கும் செய்து பார்த்தேன். 6 மணி 40 நிமிடத்தையும் 1 மணி 45 நிமிடத்தையும் கூட்டினால் 8 மணி 25 நிமிடம். அதில் பாதி, 4 மணி 12½ நிமிடம். இதுதான் விமானம் உண்மையில் எடுத்துக்கொள்ளும் சராசரி நேரம். கழித்தால் 4 மணி 55 நிமிடம். அதில் பாதி, 2 மணி 27½ நிமிடம். இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் இடையேயுள்ள வித்தியாசம் இரண்டரை மணி என்பது ஊரறிந்த செய்தி. சீட்டில் இருக்கும் நான்கே நான்கு எண்களைக்கொண்டு அதை இரண்டரை நிமிடப் பிழைக்குள் கண்டுபிடித்துவிட்டேன் என்றபோது எனக்கு உண்டான பெருமையைச் சொல்லவும் வேண்டுமோ! அந்த இரண்டரை நிமிடப் பிழைக்கும் காரணம் உண்டு. போக 4 மணி 10 நிமிடமும் வர 4 மணி 15 நிமிடமும் என அட்டவணையிலேயே ஐந்து நிமிடம் வித்தியாசம் வைத்திருக்கிறார்கள். என் கணக்கு இரண்டையும் சமமென்று கொண்டுவிட்டது.

அம்மா முழுவதையும் கேட்டார். "அப்ப அந்த ரெண்டரை மணி நேரம் எங்க போச்சு?" என்றார். "போகும்போது கொடுக்கிறார், வரும்போது திருப்பி வாங்கிக்கொள்கிறார்" என்றேன். "வட்டியில்லாமலா?" என்று சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். என்னைத்தான் அந்தக் கணக்கு விடவில்லை.

முதலில் தொலைவைத் தெரிந்துகொள்ள விரும்பினேன். நூலகத்து நிலப்படத்திலிருந்து எடுத்த எண்கள் இவை. திருச்சி விமான நிலையம் வடக்கே 10.77 டிகிரி அட்சரேகையிலும் கிழக்கே 78.71 டிகிரி தீர்க்கரேகையிலும் உள்ளது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 1.36 டிகிரி அட்சரேகை, 103.99 டிகிரி தீர்க்கரேகை. பூமி உருண்டை, எனவே தட்டையான தாளில் கோடு போட்டு அளப்பது குற்றமன்றோ? கோள முக்கோணவியல் நூல் ஒன்றைத் தேடியெடுத்து, இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, பூமியின் மையத்தில் இவ்விரு ஊர்களும் தாங்கும் கோணம் 26.8 டிகிரி என்று கண்டேன். ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர். ஆகத் தொலைவு ஏறத்தாழ 2,980 கி.மீ.

விடைத்தாளை எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் பெருமையோடு காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "சரி, இதையே தட்டைப் பூமி என்று வைத்துப் பித்தாகரஸ் தேற்றத்தால் போட்டுப் பார்" என்றார். வடக்குத் தெற்காக 1,046 கி.மீ., கிழக்கு மேற்காக, இடைப்பட்ட அட்சரேகைக்கு வேண்டிய திருத்தத்தோடு, 2,795 கி.மீ.; கர்ணம் 2,984 கி.மீ.! இரண்டு நாள் உழைப்புக்கு வித்தியாசம் சில கிலோமீட்டர்தான். என் முகம் போன போக்கைக் கண்டு அவர் சிரித்தார். இரண்டு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தட்டைக் கணக்கும் இங்கே பெரிதாகப் பிழைக்கவில்லை என்று விளக்கினார். தில்லிக்கும் நியூயார்க்குக்கும் இதே குறுக்கு வழியைக் கையாண்டால் கணக்கு கெட்டுப்போகும். அங்கே குறுகிய பாதை வடதுருவப் பக்கமாக வெகுதூரம் ஏறி இறங்குகிறது.

நிலவியல் துறையில் உள்ள பூகோள உருண்டையில் நூல் பிடித்தும் பார்த்தேன். திருச்சியில் தொடங்கிய நூல் யாழ்ப்பாணத் தீபகற்பத்துக்கு வடக்கே கடலில் இறங்குகிறது. பிறகு வங்கக் கடல், மறுபடியும் கடல், கடல். சுமத்ராத் தீவின் வட பகுதியில்தான் மீண்டும் நிலம். அதன்பின் மலாக்கா நீரிணை. அதன் முடிவில் சிங்கப்பூர். அப்பா சன்னலோர இருக்கை கேட்டு வாங்குவதில்லை; இரவில் என்ன தெரியும் என்பார். அவர் எதன் மேலே பறக்கிறார் என்று நூல் பிடித்த பிறகே எனக்குத் தெரிந்தது.

2,980 கிலோமீட்டரை 4 மணி 10 நிமிடத்தில் கடந்தால் வேகம் மணிக்கு 715 கி.மீ. என்று வரும். ஆனால் உயரத்தில் அந்த வகை விமானம் மணிக்கு 830, 840 கி.மீ. வேகத்தில் பறக்கக் கூடியது. அந்தக் கணக்கில் மூன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். மிச்சம் நாற்பது நிமிடம் எங்கே போகிறது? சீட்டில் அச்சிடும் நேரம், விமானம் நிற்கும் இடத்தைவிட்டு நகரத் தொடங்கியதிலிருந்து மறு ஊரில் போய் நிற்கும் வரை உள்ள நேரம். ஓடுபாதைவரை ஊர்வது, மேலே ஏறுவது, இறங்குவதற்கு முறை வரும்வரை சுற்றுவது, இறங்கிய பின் மறுபடி ஊர்வது எல்லாம் அதில் அடக்கம். வானத்திலும் சாலைகள் போல வகுத்த தடங்கள் உண்டு; அவை என் நூலைப் போல நேராக இருப்பதில்லை.

காற்றும் உண்டு. இது எனக்குப் புதிய செய்தி. ஆடி மாதத்தில் நம் ஊரில் காற்று மேற்கிலிருந்து வீசி வேப்ப மரத்தைப் பிடித்து உலுக்குகிறது அல்லவா? அதே மாதத்தில் பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு நேரெதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெருங்காற்று ஓடுகிறது. நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் இதைப் பற்றி எழுதினார். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேலே ஓடும் இக்காற்றின் போக்கிலே வரும் விமானத்துக்கு அது துணை. எதிர்த்துப் போகும் விமானத்துக்குத் தடை. ஆடியில் வீடு திரும்புகிறவரைக் காற்றும் சற்றுத் தள்ளிவிடுகிறது. அம்மா சொன்ன மாட்டுக் கதையில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

நிற்க. இத்தனையும் வான்வழிக் கணக்கு. எங்கள் வீட்டு வாசலில் மாலை ஆறு மணிக்கு வேன் புறப்பட்டால் எட்டரைக்குள் விமான நிலையம். 2024 ஜூன் முதல் இயங்கும் புதிய முனையம் பெரிதாகவும் அழகாகவும் இருக்கிறது. வழியனுப்ப வந்தவர்கள் நிற்கும் இடத்தில் அழுகை மட்டும் பழைய முனையத்தில் இருந்ததுதான். சோதனை, வரிசை, காத்திருப்பு. அங்கே இறங்கிய பின் மறுபடி வரிசை, பிறகு பேருந்து. அப்பா தம் விடுதிக் கட்டிலில் பையை வைக்கும்போது நம் கடிகாரத்தில் காலை ஆறு. முழுதாகப் பன்னிரண்டு மணி நேரம். அதில் விமானத்தின் பங்கு மூன்றில் ஒன்று.

என் அப்பத்தாவுக்கு இந்தப் பன்னிரண்டு மணி நேரமே பெரிய வியப்பு. அவருடைய அண்ணன் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் போனவர். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970-களின் தொடக்கம்வரை நம் மக்களை மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றிச் சென்றது. இராசேந்திர சோழனின் படை கடாரத்துக்குப் போன அதே கடல். "ஒரு வாரம் தண்ணியத் தவிர ஒண்ணும் தெரியாதாம், போய்ச் சேந்தேன்னு கடுதாசி வர ஒரு மாசமாகும்" என்பார் அப்பத்தா. அப்பா புறப்பட்ட மறுநாள் காலையிலேயே தொலைபேசியில் பேசுவதை அவர் கடைசிவரை நம்பாமலே கேட்டுக்கொண்டிருந்தார். "பக்கத்துலதான்டா எங்கயோ இருக்கான்" என்பார்.

அப்பத்தா இறந்தது 2020 ஜூலை 17, ஆடி வெள்ளிக்கிழமை. நான் எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதாமலே ஒன்பதாம் வகுப்புக்குப் போன ஆண்டு. அந்த மார்ச் 23 முதல் நம் நாட்டில் சர்வதேசப் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. சில சிறப்பு விமானங்கள் வந்தன என்பது உண்மைதான். அவற்றில் இடம் கிடைக்க வேண்டும், கிடைத்து வந்தாலும் தனித்து இருக்க வேண்டும். அப்பாவோ விடுதியைவிட்டு வெளியே வரவே இயலாத நிலை. மூத்த மகன் செய்ய வேண்டியதைச் சித்தப்பா செய்தார். நான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா அதிகம் பேசவில்லை. "முகத்தைக் காட்டுப்பா" என்று இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை காட்டும்போது படம் உறைந்து நின்றுவிட்டது. அங்கிருந்து பார்த்தவருக்கு அது தெரிந்ததோ, தெரியவில்லையோ, நான் இன்றுவரை கேட்கவில்லை.

மேலே ஓடும் அந்தக் கிழக்குக் காற்று அந்த ஆடியிலும் ஓடித்தான் இருக்கும்.

வழக்கமான விமானங்கள் 2022 மார்ச் 27-இல் மீண்டும் தொடங்கின. அப்பா மே மாத நடுவில் வந்தார். அப்பத்தா இறந்த நாளிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 668 நாள். 2,980 கிலோமீட்டரை 668-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு நாலரைக் கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அப்பத்தா ஆடுகளை ஓட்டிக்கொண்டு நடந்த தூரம் அதைவிட அதிகம். ரஜூலா கப்பல் எத்தனையோ மடங்கு வேகம்.

இனி, நான் இந்தக் கணக்குகளையெல்லாம் போட்டதன் காரணத்துக்கு வருகிறேன். அப்பத்தாவின் உயிர் பிரிந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தேகால். பார்த்தது நான். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டே முக்கால், அதாவது ஜூலை 18 பிறந்துவிட்டது. அவருடைய மனத்தில் அந்தத் தேதியே பதிந்துவிட்டது. திதி கொடுப்பது வேறு. அது நிலாக் கணக்கு, ஊரில் பார்த்துச் சொல்வார்கள். ஆனால் ஆண்டுதோறும் அந்த ஆங்கிலத் தேதியில் அம்மா படத்துக்குப் பூப்போட்டு விளக்கேற்றுவார். அப்பா அங்கே அன்று புலால் உண்ணமாட்டார். அம்மாவுக்கு 17, அப்பாவுக்கு 18. ஒவ்வோர் ஆண்டும் தொலைபேசியில் இதைப் பற்றி ஒரு சிறு மனத்தாங்கல் வரும். "பெத்த தாயி செத்த நாளை மாத்தி வச்சுக்கிட்டு இருக்காரு" என்பார் அம்மா. "எனக்குத் தெரியாதா?" என்பார் அப்பா. அதற்கு மேல் இருவரும் பேசமாட்டார்கள்.

படித்த பிள்ளை நான் தீர்ப்புச் சொல்லலாம் என்று நினைத்தேன். சூரியன் ஒரு டிகிரி தீர்க்கரேகையைக் கடக்க நான்கு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. திருச்சிக்கும் சாங்கிக்கும் இடையே 25.28 டிகிரி. ஆகச் சூரியக் கணக்கில் இரண்டு ஊர்களுக்கும் உள்ள வித்தியாசம் 101 நிமிடம், அதாவது 1 மணி 41 நிமிடம் மட்டுமே. கடிகாரமோ இரண்டரை மணி என்கிறது. மீதி 49 நிமிடம் எங்கிருந்து வந்தது? அரசாங்கங்கள் கொடுத்தவை. நம் நாட்டு நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. திருச்சி அதற்கு மேற்கே இருப்பதால் நம் கடிகாரம் சூரியனைவிடக் கால் மணி முந்தி ஓடுகிறது. சிங்கப்பூர் நேரம் 120 டிகிரிக்கு உரியது. அந்த ஊர் இருப்பதோ 104 டிகிரியில். அங்கே கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நான்கு நிமிடம் முந்தி ஓடுகிறது. "இங்க ஏழு மணிக்குத்தான் விடியும்" என்று அப்பா சொல்வதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. எப்போதும் இப்படி இருந்ததும் இல்லை. 1981 முடியும்வரை அங்கே கடிகாரம் இப்போதைவிட அரை மணி பின்னால் இருந்தது. மலேசியா தன் மேற்குப் பகுதி நேரத்தைச் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கியபோது சிங்கப்பூரும் 1982 சனவரி 1 முதல் அரை மணியைக் கூட்டிக்கொண்டது.

ஆகவே அப்பத்தா இறந்த நேரத்தைச் சூரியக் கணக்குக்கு மாற்றினால் நம் ஊரில் இரவு மணி சரியாகப் பத்து. சிங்கப்பூரில் பதினொன்று நாற்பத்தொன்று. நள்ளிரவுக்கு இன்னும் பத்தொன்பது நிமிடம் இருக்கிறது. அங்கும் ஜூலை 17-தான்! இரண்டு பேருக்கும் ஒரே நாள். என் கணிதப் படிப்பில் எந்தத் தேர்விலும் ஒரு விடை எனக்கு இத்தனை மகிழ்ச்சி தந்ததில்லை. மூன்று முறை சரிபார்த்தேன். ஒரு தாளில் அழகாக எழுதினேன்.

சென்ற ஆண்டு ஜூலை 17 மாலை, அம்மா விளக்கேற்றிய பின் அப்பா பேசினார். தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். தீர்க்கரேகை, நான்கு நிமிடம், 1982 எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. கட்டடத்தில் அளவுகோலும் ரசமட்டமும் பிடிக்கிறவர். கணக்கு அவருக்குப் புரியாமல் இல்லை. முடித்தேன்.

"அப்ப சூரியன் கணக்குல இங்கயும் பதினேழுதான்ங்குற."

"ஆமாப்பா. பத்தொம்பது நிமிசம் மிச்சம் இருக்கு."

சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"நீ போட்டது சரியாத்தான்பா இருக்கும்" என்றார். "ஆனா சித்தப்பா போன் பண்ணப்ப நான் மணியப் பாத்தேன். பன்னெண்டே முக்கா. பக்கத்துக் கட்டில்ல எல்லாம் தூங்கிக்கிட்டு இருந்தானுங்க. சத்தம் போட முடியல. போய்க் குளிக்கிற எடத்துல தண்ணியத் தொறந்து விட்டுட்டு நின்னேன். விடியிற வரைக்கும் அங்கனதான் நின்னேன். அது பதினெட்டு."

அம்மா என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டார். எதுவும் கேட்காமலே, "நாளைக்கு உங்களுக்கு ரசமும் அப்பளமும் கெடைக்குமா?" என்றார்.

"கெடைக்கும்" என்றார் அப்பா.